நழுவிய சிவப்பு

எங்கள் காமிக்ஸ் சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. ஓர் இளைஞர் பழைய இதழ் ஒன்றைக் கைபேசியில் படம் பிடித்துப் போட்டு, "பத்துக்கு எத்தனை தேறும், அண்ணன்மார்களே?" என்று கேட்டிருந்தார். அட்டையில் சிவப்பு மை கொஞ்சம் நழுவியிருந்தது. கதாநாயகியின் உதடு உதட்டில் இல்லாமல் கன்னத்துக்குக் குடிபோயிருந்தது. மற்றபடி மூலைகள் கூர்மை, பின்னில் துரு இல்லை, தாள் நேற்றுப் பிரித்த மாதிரி. ஒருவர் ஆறு என்றார். இன்னொருவர், அது அச்சகத்தில் நேர்ந்தது, வைத்திருந்தவர் ஒரு பாவமும் அறியார், ஒன்பது என்றார். மூன்றாமவர், அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி மேலே எண் ஒட்டித் தருவார்கள் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆளாளுக்கு அடுத்தவர் பரம்பரையை இழுத்துவிட்டார்கள். நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஐம்பதைக் கடந்தவனுக்கு அந்தக் குழுவில் அதுதான் மரியாதையான பங்கு.

உண்மையில் இந்தச் சண்டையை நானும் என் நண்பனும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எண்பதுகளிலேயே போட்டு முடித்துவிட்டோம். முடித்தோம் என்பதைவிட, ஆறிப்போன டீயோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது சரி.

நண்பன் களமருதூர்ப் பக்கத்துக் கிறிஸ்துவ விவசாயக் குடும்பம். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அவன் வாத்தியார்; எனக்கும். நான் வரலாற்றில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் வரலாறாகவே மாறிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. மாதா மாதம் பார்சலில் வந்து இறங்கும், உள்ளங்கையகலக் காமிக்ஸ் புத்தகங்கள். கறுப்பும் சிவப்புமாக இரண்டே வண்ணம். சாணித் தாள். அதைச் சேர்ப்பதிலும், சேர்த்ததை மதிப்பிடுவதிலும் எங்கள் இளமையின் நல்ல பகுதி போயிற்று. கெட்ட பகுதியும் அதில்தான் போயிற்று.

எங்கள் அளவுகோல் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், பாஸ், ஃபெயில். குற்றங்களை இரண்டாகப் பிரித்திருந்தோம். மடிந்த மூலை, எண்ணெய் விரல், டீக்கறை, வில்லனுக்குப் பேனாவால் போட்ட மீசை: இவை கைக்குற்றம். நழுவிய சிவப்பு, கோணலாக வெட்டுப்பட்ட ஓரம், இடம் தப்பி அடித்த பின், உருளைக்குள் தாள் மடிந்து அச்சானதால் படத்தின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு: இவை அச்சுக்குற்றம். கைக்குற்றத்துக்கு மார்க் குறைப்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அச்சுக்குற்றத்தில்தான் தகராறு.

"பொறக்கும்போதே இப்படித்தான் பொறந்துச்சுன்னா, புக்கு இன்னாடா பண்ணும்?" என்பான் வாத்தியார். "அதுக்கு மார்க்கக் கொறைக்கக் கூடாது."

"எப்படிப் பொறந்தா எனக்கு இன்னா? கையில இருக்கறதப் பாத்துத்தான் மார்க்கு" என்பேன் நான்.

அதே ஆண்டுகளில், அதே கேள்வியை வைத்துக்கொண்டு வட மாவட்டங்களே கொதித்துக்கொண்டிருந்தன. பிறந்த இடத்தால் பின்தங்கியவனுக்கு மார்க்கில் என்ன நியாயம் என்பதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் சாரம். எங்கள் தெருவே அதில் இருந்தது. வென்றால் எனக்கும் வேலை கிடைக்கும். அப்படிப்பட்டவன் டீக்கடையில் உட்கார்ந்து, கையில் இருப்பதைப் பார்த்துத்தான் மார்க் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். இது முரண்பாடு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. காமிக்ஸ் வேறு, வாழ்க்கை வேறு என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் எங்களுக்குள் பூரண சமாதானம். ஒன்று, அட்டை ஒட்டுகிறவர் கைதவறி ஒரே புத்தகத்துக்கு இரண்டு அட்டை ஒட்டிவிட்டால், அது குற்றமே இல்லை, வரம். வாத்தியாரிடம் அப்படி ஒரு பிரதி இருந்தது. அதை நினைத்து நான் கண் விழித்த விடியல்கள் உண்டு. இரண்டாவது, பக்கம் குறைந்த புத்தகம் ஃபெயில். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்த வருடம் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒருவன், பாழடைந்த சுரங்கத்தில் காணாமல்போன தன் அண்ணனைத் தேடிப் போகிறான். பல இதழ்களாக நீண்டு, கடைசியில் ஓர் இதழின் பின்னட்டையில் "அடுத்த இதழில் முடிவு" என்று போட்டுவிட்டார்கள். அந்த முடிவு இதழ் வந்தபோது கள்ளக்குறிச்சிக்கு வந்த கட்டிலிருந்து முதல் பிரதியை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு சரி, படிக்கவில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அந்தப் புத்தகங்களில் பக்கவாட்டில் இரண்டு பின் அடித்து, மேலே அட்டையை ஒட்டியிருப்பார்கள். விரித்துப் படித்தால் முதுகில் கோடு விழும். கோடு விழுந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் போய்விடும். ஆகவே நல்ல பிரதியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, வாடகை நூல் நிலையத்தில் அதே இதழை எடுத்துப் படிப்பது என் வழக்கம். பெண்டாட்டிக்கு எடுத்த பட்டுப்புடவையை அலமாரியில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் புடவையைப் பார்த்துப் பூரிப்பது மாதிரி என்று வாத்தியார் சொல்வான். எனக்கோ பட்டுமில்லை பெண்டாட்டியுமில்லை, ஆகவே வலிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வாத்தியார் மலையிலிருந்து இறங்கி வந்தான்.

"வந்துருச்சுடா" என்றேன். "சுத்தமான ஃபர்ஸ்ட் கிளாஸ். மூச்சுக்காத்துகூடப் படல. உன் ரெட்டை அட்டைக்கு இதை மாத்திக்கலாமா?"

சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் டீ கிளாசைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் லேட்டா வந்திருக்கக் கூடாதா அது" என்றான்.

பிறகுதான் சொன்னான். அவன் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. அந்த வகுப்பில் மிஞ்சியிருந்த ஒரே பெண் குழந்தை. அவள் அப்பா மலைக்கு மேலே ஓர் ஊரில் சாமை விதைக்கிறவர். சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவருவார். வருடத் தொடக்கத்தில் மகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். வீட்டில் வேலை, காட்டில் வேலை, அப்புறம் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு கல்யாணம். வாத்தியார் அன்றைக்கு வகுப்பில் சுரங்கக் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பாடம் நடத்தினால் ஓடிப்போகிற பிள்ளைகளைக் கட்டிவைக்க அவன் கண்டுபிடித்த கயிறு அது. மகளை அழைத்துப்போக வந்தவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். "தொடரும்" என்று வந்ததும் முகம் வாடிவிட்டது.

"இது முடியற வரைக்கும் இருக்கட்டுங்க சார்" என்றாராம். "முடிஞ்சதும் புள்ளைய இட்டுக்கினு போயிடுவேன். அப்ப மறுக்கக் கூடாது."

வாத்தியார் சரியென்று சொல்லிவிட்டான். தொடர்கதை என்றால் முடியவே முடியாது என்று அவன் நினைத்திருக்கிறான். அன்றிலிருந்து மாதம் ஒரு புது இதழ் வரும்போது, அந்தச் சந்தை நாளில், கடுக்காய் மூட்டையை இறக்கிவிட்டு அவர் ஜன்னலுக்கு வந்துவிடுவார். கேட்பார். மகளின் தலையைத் தொட்டுவிட்டுத் தனியாக மலையேறிப் போவார்.

"இப்போ பின்னட்டையில முடிவுன்னு போட்டுட்டான். அத்த யாரோ படிச்சுச் சொல்லிட்டாங்க அவருக்கு. அடுத்த சந்தைக்கு வரேன்னுருக்காரு."

"புக்கு வரலன்னு சொல்லிடேன்."

"அவரு மாசாமாசம் புள்ளைய உட்டுட்டுப் போறாரு. சொன்ன வார்த்தைக்கு. நான் மட்டும் டபாய்க்கறதா?"

"அப்ப இன்னா பண்ணப் போற?"

"படிக்கப் போறேன். வேற இன்னா?" என்றான். பிறகு, "வரிசையில அந்த ஒரு நம்பர்தான்டா எனக்கு இல்ல. அதுவும் வேணும்" என்றான், தன்மேலேயே எரிச்சலாக. சேகரிக்கிறவனுக்கு முழுமை வேண்டியிருந்தது. வாத்தியாருக்கு முடிவு வேண்டாதிருந்தது. இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் புத்தகத்தைக் கையில் கொண்டு வரவில்லை. அவ்வளவு நல்ல பிரதியைப் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வருவதா? சந்தைக்கு நானே மலைக்குக் கொண்டுவந்து தருவதாகவும், அங்கேயே இரட்டை அட்டையை வாங்கிக்கொள்வதாகவும் பேச்சு. அவன் மலையேறினான். ஐந்தாம் நாளே இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கிவிட்டது.

அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிர்கள் போன வாரம் அது. என் நினைவில் அது முதலில் ஒரு சத்தமின்மையாகத்தான் இருக்கிறது. பஸ் இல்லாத ரோடு அவ்வளவு அகலம் என்று யாருக்குத் தெரியும்? சாலையோரப் புளிய மரங்கள் குறுக்கே படுத்திருந்தன. இலை வாடாமல் படுத்திருந்ததால் விழுந்த மாதிரியே தெரியவில்லை, தூங்குகிற மாதிரி இருந்தது. காக்கைகள் பழக்க தோஷத்தில் மேலே சுற்றிச் சுற்றி, கிளை இருந்த உயரத்தில் உட்காரப் பார்த்து, காற்றில் தடுமாறிக் கீழே வந்தன.

நான் புத்தகத்தை இரண்டு பரீட்சை அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் ரோட்டில் சைக்கிளில் கிளம்பினேன். முதல் மரத்திலேயே என் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கூடவே எங்கள் தெருவில் பாதி.

"எங்கடா கெளம்பிட்ட? வூட்டுக்கு ஒரு ஆளுன்னு கூப்ட்டோம், ஒங்க வூட்டுல யாரு வந்தது?"

"அப்பா அந்தாண்ட மரத்துல இருக்காரு சித்தப்பா."

"முதுகுல இன்னா அது, நோட்டீசா?"

"இல்லீங்க. பொம்மைக் கதை. மலைக்கு எடுத்துக்கினு போறேன்."

மரத்தின் மேலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா மெதுவாகப் பக்கத்திலிருந்தவரிடம், "இவனுக்கும் சேர்த்துத்தாங்க கேக்கறோம்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. போராட்டத்தின் செலவைக் கணக்குப் பார்க்கிறவரின் களைப்புதான் இருந்தது. பிறகு அவரே இறங்கி, சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார். "பாத்துப் போ. போலீசு வந்தா பொம்மைக் கதைன்னு சொல்லாத, நம்ப மாட்டான்."

அப்படி எத்தனை மரம் தாண்டினேன் என்று தெரியாது. ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு கை கொடுத்தார்கள். அணைக்குப் பக்கத்தில் வந்தபோது மரங்கள் நின்றுவிட்டன. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. மலையடிவாரத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. மறியல் தொடங்கியபோது மலைமேல் இருந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்ட பஸ். கீழே போக வழியில்லை, சும்மா நிற்கவும் மனமில்லை. டீசல் இருக்கிற வரைக்கும் அடிவாரத்துக்கும் வெள்ளிமலைக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அதில் நானும் இரண்டு ஆடுகளும் ஏறினோம்.

மேலே மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கியிருந்தது. பஸ் திருப்பத்தில் திரும்பும்போது மரம் ஓரிடத்திலும் அதன் பச்சை வேறோரிடத்திலும் இருந்தது. எதிரே நடந்து வந்த ஒரு பெண்ணின் சேலை நிறம் முதலில் வந்தது, அவள் பிறகு வந்தாள். அச்சுக்குற்றம் என்று மனசு தன்னால் குறித்துக்கொண்டது. எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தேன் அப்போது. உலகம் எனக்குக் காட்டப்பட்ட ஒரு பிரதி. மார்க் போட்டுத் திருப்பித் தர வேண்டியது.

வாத்தியார் பள்ளி வாசலில் நின்றிருந்தான். நான் வர மாட்டேன் என்று நம்பியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்ததும் போனதும் இன்றைக்கும் எனக்குப் புரிகிறது. மறியல் அவனுக்கு ஒரு சாக்கைக் கொடுத்திருந்தது. அவன் பொய் சொல்லாமலே புத்தகம் வராமல் போயிருக்கும். அந்தச் சாக்கை நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாகத் தாண்டி வந்து உடைத்துவிட்டேன்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு வந்துருக்க" என்றான். "வராம இருந்திருக்கலாமேடா, பாவி."

அன்று சந்தை. அரிசி லாரி வரவில்லை என்பதால் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் வகுப்பு நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். ஒடிசலான மனிதர். தோளில் கம்பளி. பக்கத்தில் தரையில் ஒரு சின்னத் துணி மூட்டை. மகளின் பாவாடை சட்டைகளை விடுதியிலிருந்து முன்கூட்டியே வாங்கிக் கட்டி வைத்துக்கொண்டுவிட்டார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். மகள் முதல் வரிசையில், மூட்டையைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் பிளாஸ்டிக்கைப் பிரித்தான். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஓரம் பார்த்தான், மூலை பார்த்தான், என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ஃபர்ஸ்ட் கிளாஸ். பிறகு ஒரே அழுத்தாக அழுத்தி விரித்தான். முதுகு மடங்கிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

நன்றாகப் படிப்பான். ஒவ்வொரு படத்தையும் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டி, ஜன்னல் பக்கமும் காட்டி, எல்லோருடைய குரலிலும் பேசுவான். சிவப்புச் சட்டைக்காரன் கயிறு கட்டிச் சுரங்கத்தில் இறங்கினான். கயிறு அறுந்தது. இருட்டில் தவழ்ந்தான். வௌவால்கள். தண்ணீர். தண்ணீருக்கு அப்பால் ஓர் இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுகிற சத்தம். கதவில் கை வைத்தான். வெளியே மஞ்சு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதுவும் நின்று கேட்டது.

பக்கத்தைத் திருப்பினான். சிவப்புச் சட்டைக்காரன் கயிறு கட்டிச் சுரங்கத்தில் இறங்கினான்.

வாத்தியார் இரண்டு வரி படித்துவிட்டுத்தான் நிறுத்தினான். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்தில் பதினாறு பக்கங்களை ஒரே பெரிய தாளில் அடித்து மடிப்பார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். பாரங்களை அடுக்கித்தான் பின் அடிப்பார்கள். அடுக்கியவர் மூன்றாவது பாரத்தை இரண்டு முறை வைத்துவிட்டு, கடைசிப் பாரத்தை விட்டுவிட்டிருக்கிறார். கனம் சரியாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. பிரித்துப் பார்த்தால் தெரியும். பிரித்துப் பார்ப்பவனா நான்!

முடிவு இல்லாத புத்தகத்தை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லி மலைக்குத் தூக்கி வந்திருந்தேன்.

"சார்" என்றார் ஜன்னலில் நின்றவர். "இது இப்பத்தான படிச்சீங்க?"

"ஆமாங்க" என்றான் வாத்தியார். பொய் சொல்லத் தெரியாதவன். "திரும்பியும் அதே வந்திருக்குது."

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை. புத்தகத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். இரண்டு பாரமும் ஒரே படம்தான். ஆனால் இரண்டாவது தாளில் சிவப்பு நழுவியிருந்தது; கழித்துப்போட வேண்டிய தாள். சட்டையின் சிவப்பு உடம்பை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது. வெறும் கோட்டோவியமாக ஓர் ஆள், பக்கத்தில் ஆளில்லாத ஒரு சட்டை. இருவருமாகக் கயிற்றில் இறங்கினார்கள். இருவருமாக இருட்டில் தவழ்ந்தார்கள்.

"அதே இல்ல சார்" என்றாள். "இது இவன் இல்ல. இவங்கண்ணன்."

"யாரு?"

"மொதல்ல எறங்கனது அண்ணன்தான? அப்ப அவனும் இப்படித்தான் எறங்கியிருப்பான். அவன் போயிட்டான்ல, அதான் துணி வெலகி வெலகி நிக்குது." கதவில் கை வைத்திருந்த கடைசிப் படத்தைத் தொட்டாள். இரண்டு கைகள், ஒன்று கோடாக, ஒன்று சிவப்பாக. "உள்ளாரருந்து தட்டறது இவன்."

வகுப்பில் ஒரு பிள்ளை மெதுவாக, "யப்பா" என்றது. அச்சுக்குற்றத்துக்கு நான் வாழ்நாளில் எத்தனையோ மார்க் குறைத்திருக்கிறேன். அதற்குள் ஓர் ஆள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அதைக் கவனித்தேன். அந்தக் கதையை அவள் நம்பிச் சொன்னாளா, மூட்டையைப் பார்த்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடைசிப் படத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப கதவு தொறக்கல" என்றார்.

"தொறக்கலைங்க" என்றான் வாத்தியார்.

"அப்ப முடியலை."

அவர் என் பக்கம் திரும்பினார். நியாயமான மனிதர், சாட்சி விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

"நீங்க கீழருந்து வர்றீங்க. இந்தக் கதை ஒங்களுக்குத் தெரியும்ல? உள்ள இன்னா இருந்துச்சு? சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் தரையைப் பார்த்தான். எனக்காகப் பொய் சொல் என்று அவன் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டான். அந்தப் பெண் இப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

வாடகை நூல் நிலையப் பிரதியில் நான் அந்தக் கதையின் முடிவைப் படித்திருந்தேன். கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தேன். கடைசிப் பாரம் துல்லியமாக மனதில் வந்தது. ஒரு பக்கத்தின் மூலை நாய்க்காது மாதிரி மடிந்திருந்தது. ஒரு பக்கத்தில் யாரோ தேங்காயெண்ணெய் விரலால் தொட்டிருந்தார்கள். கீழ்ப்பின் கழன்றிருந்தது. கடைசிப் பக்கத்தில் டீக்கறை, அச்சு அசல் இலங்கை வடிவம், யாழ்ப்பாணம்கூட இருந்தது. அதைப் பார்த்து நான் வியந்து பாஸ் மார்க் போட்டிருக்கிறேன். அந்தக் கறைக்கு அடியில் கதவு திறந்ததா, அண்ணன் இருந்தானா என்பது எவ்வளவு தேடியும் வரவில்லை. நான் கதையைப் படிக்கவே இல்லை. புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"தெரியலைங்க" என்றேன். அவ்வளவு நேர்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

"படிச்சவரு. படிச்சுமா தெரியல?"

"சத்தியமா தெரியலைங்க."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முட்டாள்தனம் நடிப்பில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மூட்டையை எடுத்து ஜன்னல் வழியாக மகளிடம் கொடுத்தார். "வெச்சிக்க" என்றார். வாத்தியாரிடம், "மீதி வந்தா சொல்லி அனுப்புங்க சார்" என்றுவிட்டு, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மஞ்சுக்குள் நடந்தார். முதலில் அவர் போனார். கம்பளியின் கறுப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது.

சாயங்காலம் வாத்தியார் டிரங்குப் பெட்டியைத் திறந்து இரட்டை அட்டையை எடுத்து நீட்டினான்.

"டேய், பக்கம் கொறஞ்ச புக்குடா அது. ஃபெயிலு" என்றேன். "இதுக்குப் போயி…"

"எடுத்துக்கினு போடா" என்றான். "பொறந்தப்பவே அது அப்படி. மார்க்கக் கொறைக்கக் கூடாதுன்னு நான்தான அப்பவே சொன்னேன்?"

மறியல் முடிந்து நான் கீழே வந்தபோது மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அடிமரங்களில் பிசின் சிவப்பாக வடிந்து நின்றது. பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. வாடகை நூல் நிலையத்தில் டீக்கறைப் பிரதி இருந்தது; எடுத்துப் பார்த்திருக்கலாம். போகவில்லை. மலையிலும் வாத்தியார் அந்த எண்ணைத் தேடுவதை நிறுத்திவிட்டான். வரிசை முழுமையாகாமல் தூங்க முடியாதவன் அவன். சந்தைக்குச் சந்தை ஜன்னலில் அவர் வந்து, "வந்துச்சா?" என்பாராம். இவன், "வரலைங்க" என்பானாம். இரண்டு பேருமே பொய் பேசவில்லை. அவள் மலையில் இருந்த வகுப்பெல்லாம் முடித்து, கீழே விடுதிக்குப் படிக்கப் போனாள். போகும்போது வாத்தியார் அந்தப் பிரதியை அவளிடமே கொடுத்துவிட்டான். முதுகு உடைந்து, மூலை தேய்ந்து, கைக்குற்றங்களும் சேர்ந்து, எந்த அளவுகோலுக்கும் அடங்காத நிலையில்.

எனக்குப் பின்னாளில் வேலை கிடைத்தது. சித்தப்பா உட்கார்ந்த மரத்துக்கு அதில் பங்கு உண்டு என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், சரியாகத்தான் சொன்னார். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம். என் அலமாரியில் அந்த முடிவு இதழின் வேறொரு பிரதி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தது. பிரிக்காதது. குழுவில் படம் போட்டபோது ஒன்பதரை என்றார்கள். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிரித்தால் எண் குறைந்துவிடும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது ஒரு காரணம்தான்.

நேற்று வாத்தியார் பேசினான். வெள்ளிமலைப் பக்கமே வீடு கட்டிக்கொண்டு, ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அவரு வந்துருக்காருடா" என்றான். "கண்ணு சரியாத் தெரியல. பேத்தி கையப் பிடிச்சிக்கினு வந்துருக்காரு. டவுனு காலேஜுல சேக்கறாங்களாம். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தவரு, அந்தக் கதவு தொறந்துச்சான்னு கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"கீழ இருக்கறவருகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். பக்கத்துலதான் உக்காந்துருக்காரு. சொல்லு, அந்தப் புக்கப் பிரிச்சியா நீ?"

அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால், உறைக்குள், சிவப்பு சரியாகப் பொருந்திய அட்டையில், சிவப்புச் சட்டைக்காரன் சுரங்க வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"இல்ல" என்றேன். "அவர்கிட்டயே குடு, நானே சொல்றேன்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு.

"இன்னும் முடியலைங்க" என்றேன்.

"சரிங்க" என்றது அந்தக் குரல். "அவசரம் இல்ல."